ஆட்டு முழங்காலில் தொடங்குங்கள்: மூட்டுத் திசு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மூட்டுக் காயம் எப்படி ஆறுகிறது, ஆறிய திசு எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் லேபில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்டெம் செல், முப்பரிமாண அச்சு, கணினி மாதிரி என்று பெரிய ஆசைகளோடுதான் வருகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அத்தனைக்கும் கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: சிகிச்சைக்குப் பிறகு திசு பழையபடி ஆனதா, இல்லையா? பதில் சொல்ல வேண்டுமானால் யாராவது ஒரு துண்டுத் திசுவை இழுத்தோ அமுக்கியோ பார்த்தாக வேண்டும். அந்த வேலையில் கை பழகாதவர் தரும் எண்ணை நம்பி யாரும் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

அந்த வேலையை முதன்முறை செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு உயிரியல் பக்கம் வந்தவரும் உண்டு, உயிரியல் படித்துவிட்டு, பொருளை இழுத்தும் அமுக்கியும் விசையை அளக்கும் யூ.டி.எம். இயந்திரத்தைப் பார்த்து மிரள்கிறவரும் உண்டு. முன்னவருக்குக் கத்தி பிடிக்கும் பகுதி புதிது, பின்னவருக்குக் கணக்குப் பகுதி புதிது.

முதலில் எந்தத் திசு?

மூட்டில் நாம் தொடுவது முக்கியமாக நான்கு திசுக்களை. எலும்பையும் எலும்பையும் கட்டும் லிகமென்ட், தசையை எலும்போடு கட்டும் டெண்டன், எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு, முழங்காலுக்குள் பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸ். நான்கிலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீர், நார்ப் புரதமான கொலாஜன், சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதமான புரோட்டியோகிளைக்கான், நடுவே கொஞ்சம் செல்கள். விகிதமும் நார்கள் ஓடும் திசையும்தான் வேறு. லிகமென்ட்டில் முதல் வகைக் கொலாஜன் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும், அது இழுவைக்கு. குருத்தெலும்பில் இரண்டாம் வகைக் கொலாஜன் வலையாக நிற்க, அதற்குள் புரோட்டியோகிளைக்கான்கள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈர எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீரே. அது அமுக்கத்துக்கு.

ஆறும் விதத்திலும் இவை ஒன்றுபோல இல்லை. குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. அது ஒருமுறை அழிந்தால் மீண்டு வருவதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் சொல்லிவிட்டார். மெனிஸ்கஸுக்கு வெளி விளிம்பில் மட்டும் ரத்த ஓட்டம் உண்டு; 1982இல் ஆர்னோஸ்கியும் வாரனும் காட்டியபடி, வளர்ந்தவர்களில் அகலத்தில் வெளிப்புறத்து 10 முதல் 30 சதவீதம்தான். அங்கே கிழிந்தால் தைத்து ஆற வைக்கலாம், உள் விளிம்பில் கிழிந்தால் கஷ்டம். லிகமென்ட்டுகளுக்குள்ளேயே ஒரு விசித்திரம் இருக்கிறது: முழங்காலின் உட்பக்கத்தில் இருக்கும் எம்.சி.எல். கிழிந்தால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே ஆறிவிடும்; மூட்டுக்கு நடுவில் இருக்கும் ஏ.சி.எல். முழுசாகக் கிழிந்தால் அப்படி ஆறாது. இதற்குக் காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

முதல் சோதனைக்கு எம்.சி.எல்.லைத்தான் சிபாரிசு செய்வேன். தட்டையான பட்டை, நேராக ஓடுவது, சுற்றியிருப்பதிலிருந்து பிரித்தெடுக்க எளிது, இரண்டு முனையிலும் பிடித்துக்கொள்ள எலும்பு இருக்கிறது. குருத்தெலும்பில் தொடங்கினால் ஒரு மி.மீ. தடிமனோடும் அரை நியூட்டன் விசையோடும் மல்லுக்கட்ட வேண்டும். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

கறிக்கடையில் என்ன கேட்பது?

ஆடு இந்தத் துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஆய்வு விலங்கு. அதனால் கறிக்கடை முழங்கால் வெறும் ஒத்திகைப் பொருள் அல்ல, அதிலேயே உருப்படியான தரவு எடுக்கலாம். ஆனால் பாயாவுக்கு வாங்கும் கால் நமக்கு உதவாது. ஆட்டின் முன்னங்காலில் முட்டி போலத் தெரிவது அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னோக்கித் துருத்திக்கொண்டிருப்பது கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, தொடைக்கறிக்குள், வயிற்றை ஒட்டி மறைந்திருக்கும். கடைக்காரரிடம் "பின்னந்தொடை முழுசா வேணும், மூட்டுல கத்தி படக் கூடாது, மேலயும் கீழயும் எலும்பை வெட்டாதீங்க" என்று முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள். ஓங்கி ஒரு வெட்டு விழுந்தால் எலும்பில் விரிசல் ஓடி, இழுக்கும்போது அங்கேதான் முதலில் உடையும். எலும்பை லேபில் ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம்.

வயதையும் கேளுங்கள். கறிக்கு வருவது பெரும்பாலும் இளம் ஆடு. எலும்பு முனைகளில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. லிகமென்ட் ஆய்வாளர் சாவியோ வூவின் குழு முயல்களில் பார்த்தது இது: வளர்ந்து முடியாத முயலில் எம்.சி.எல். நடுவில் அறுவதில்லை, கீழ்க்கால் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் பிய்ந்து வருகிறது. முதிர்ந்த முயலில் லிகமென்ட்டே நடுவில் அறுகிறது. இளம் ஆட்டில் நீங்கள் அளப்பது லிகமென்ட்டின் பலத்தையா, எலும்பு ஒட்டிய இடத்தின் பலத்தையா என்றே தெரியாமல் போகும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முதிர்ந்த ஆடாகக் கேட்டு வாங்குவது மேல். வயது, பால், எடை, அறுத்த நேரம் எல்லாவற்றையும் அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கடைக்காரருக்கு ஞாபகம் இருக்காது.

கொண்டுவரும்போது சலைனில் நனைத்த காஸ் துணியைச் சுற்றி, பையில் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் பெட்டியில் வையுங்கள். அன்றே செய்யவில்லை என்றால் தசையை நீக்காமல் மூட்டை முழுசாகவே இரட்டைப் பையில் கட்டி மைனஸ் 20 டிகிரியில் போடலாம். உறைய வைத்தால் திசு கெட்டுவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். 1986இல் வூவின் குழு முயல் எம்.சி.எல்.லைச் சில மாதங்கள் வரை உறைய வைத்துப் பார்த்தது. அறுபடும் சுமை, விறைப்பு போன்றவற்றில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை; முதல் சில சுழற்சிகளில் இழக்கும் ஆற்றல் மட்டும் குறைந்தது. ஆக, லிகமென்ட்டுக்கு ஒருமுறை உறைய வைப்பது பரவாயில்லை. உருக்கிவிட்டு மறுபடி உறைய வைக்காதீர்கள். உருக்குவதையும் 4 டிகிரி ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்து மெதுவாகச் செய்யுங்கள். செல்கள் உயிரோடு வேண்டும் என்கிற சோதனைக்கு இது எதுவும் பொருந்தாது. அதற்கு அன்றன்றைக்கே அறுத்த புதுத் திசுதான்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டுத் திசுவில் புரூசெல்லா, கியூ காய்ச்சல் கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. கையுறை கட்டாயம். எலும்பு அறுக்கும்போது துகள் பறக்கும் என்பதால் முகக் கவசமும் வேண்டும். முடிந்த திசு மஞ்சள் பைக்குப் போக வேண்டும், சாதாரணக் குப்பைக்கு அல்ல.

அறுத்தெடுப்பது

தொடைத் தசையை மேலிருந்து கீழாக வழித்துக்கொண்டே வாருங்கள். மூட்டை நெருங்கியதும் ஸ்கால்பெல்லின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். உட்பக்கத்தில் மெல்லிய பளபளப்பான சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். அதைக் கத்தியால் கீறாமல் ஃபோர்செப்ஸால் தூக்கி உரித்தால் அடியில் வெள்ளையாக, நார் ஓட்டம் தெளிவாகத் தெரிய, ஒரு பட்டை கிடக்கும். அதுதான் எம்.சி.எல். சந்தேகமாக இருந்தால் கீழ்க்காலை வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளிப் பாருங்கள், அந்தப் பட்டை விறைத்து நிற்கும். மழுங்கிய புரோப் ஒன்றை அதன் அடியில் விட்டு நகர்த்தினால் நடுவில் மெனிஸ்கஸோடு ஒட்டியிருக்கும் இடம் தட்டுப்படும். அதை மெனிஸ்கஸ் பக்கமாக நெருங்கி வெட்டுங்கள், லிகமென்ட் பக்கமாக அல்ல.

அப்புறம் ஏ.சி.எல்., அதன் பின்னால் ஓடும் பி.சி.எல்., வெளிப்பக்க லிகமென்ட், மூட்டு உறை, மெனிஸ்கஸ் எல்லாம் போகட்டும். இரண்டு எலும்பையும் கட்டிக்கொண்டு எம்.சி.எல். மட்டும் மிஞ்ச வேண்டும். இந்தக் கட்டத்தில் எலும்பு தன் எடையாலேயே தொங்கி லிகமென்ட்டை முறுக்கிவிடும். ஒரு ஆள் எலும்பைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் வெட்டுவதுதான் நல்லது.

இவ்வளவு நேரமும் சலைன் ஸ்பிரே பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பட்டையின் ஓரம் மஞ்சள் தட்டி ஊடுதெரிய ஆரம்பித்தால் காய்கிறது என்று பொருள். காய்ந்த லிகமென்ட் விறைப்பாகும். மறுபடி நனைத்தால் பழைய நிலைக்கு வரும் என்று நம்பி ஓட்டாதீர்கள். அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, ஒதுக்கிய காரணத்தையும் எழுதி வையுங்கள்.

குறுக்குப் பரப்பு: எல்லோரும் அலட்சியம் செய்யும் இடம்

இயந்திரம் விசையை நியூட்டனில் சொல்லும். அதைத் தகைவாக, அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு விழும் விசையாக, மாற்றக் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். பத்து லட்ச ரூபாய் இயந்திரத்தில் மூன்று தசம இடம் வரை விசையை அளந்துவிட்டு, ஈரத் திசுவை வெர்னியரில் நசுக்கி எடுத்த தடிமனால் வகுக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். தடிமன் 2 மி.மீ. உள்ள பட்டையை வெர்னியர் தாடை 0.2 மி.மீ. அமுக்கினால் பரப்பில் 10 சதவீதப் பிழை. அது அப்படியே யங் குணகத்துக்கு (திசுப் பொருளின் தரத்தைச் சொல்லும் எண், பின்னால் விளக்குகிறேன்) போய்ச் சேரும்.

திசுவைத் தொடாமல் அளப்பதே சரி. லேசர் மைக்ரோமீட்டர் இருந்தால் அதை விடச் சுலபம் இல்லை. இல்லாவிட்டால் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட் பேஸ்ட் போதும்: லிகமென்ட்டைச் சுற்றி அச்செடுத்து, அச்சைக் குறுக்கே அறுத்து, ஸ்கேலோடு சேர்த்துப் படமெடுத்துப் பரப்பைக் கணக்கிடலாம். மலிவான வழிதான், ஆனால் வெர்னியரைவிட நம்பத் தகுந்தது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள். ஆறிவரும் லிகமென்ட்டில் காயம்பட்ட இடம் புடைத்தும் மற்ற இடம் ஒல்லியாகவும் இருக்கும் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம்.

பிடிமானமும் திசையும்

எலும்பு முனைகளை உலோகக் குவளைக்குள் நிறுத்தி, பல் அக்ரிலிக் அல்லது ரெசின் ஊற்றி இறுக விடுவார்கள். எலும்பின் குறுக்கே ஒரு ஸ்குரூ போட்டுவிட்டால் இழுக்கும்போது ரெசினிலிருந்து உருவிக்கொண்டு வராது. அக்ரிலிக் இறுகும்போது நன்றாகச் சுடும்; லிகமென்ட்டை நனைந்த காஸில் பொதிந்து, ஒட்டும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. தள்ளியே ரெசின் நிற்கும்படி பாருங்கள்.

திசை பற்றி ஒரு பழைய சோதனை. 1991இல் வூவின் குழு மனித ஏ.சி.எல்.லை இரண்டு விதமாக இழுத்துப் பார்த்தது: ஒரு முழங்காலில் லிகமென்ட் இயல்பாக ஓடும் திசையில், மறு முழங்காலில் கீழ்க்கால் எலும்பின் அச்சுத் திசையில். 22 முதல் 35 வயது வரையிலான உடல்களிலிருந்து எடுத்தவை, இயல்பான திசையில் சராசரியாக 2160 நியூட்டன் வரை தாங்கின. திசை மாறியபோது குறைவாகவே தாங்கின, ஏனென்றால் நார்கள் எல்லாம் ஒன்றாகப் பாரம் ஏற்கவில்லை. சில இறுகி அறும்போது மற்றவை தளர்ந்து கிடந்தன. அதே ஆய்வில் 60 முதல் 97 வயதுக்காரர்களின் ஏ.சி.எல். இயல்பான திசையிலேயே 658 நியூட்டன்தான் தாங்கியது. வயதும் திசையும் தெரியாமல் ஒரு லிகமென்ட்டின் பலம் இவ்வளவு என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குவளைகளைப் பூட்டும்போதும் லிகமென்ட்டின் நார் ஓட்டம் இயந்திரத்தின் அச்சோடு நேராக நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள்.

இழுப்பது

விசையை உணரும் பாகமான லோட் செல்லின் அளவைக் கவனியுங்கள். கான்கிரீட் உடைக்க வாங்கிய 50 கிலோநியூட்டன் செல்லில் ஆட்டு லிகமென்ட்டின் ஆரம்ப வளைவு இரைச்சலில் மூழ்கிவிடும். ஒன்றிரண்டு கிலோநியூட்டன் செல் இதற்குப் பொருத்தம்.

முதலில் ஒன்றிரண்டு நியூட்டன் முன்சுமை கொடுத்துத் தளர்வை எடுங்கள். நீளத்தை அளப்பதும் இந்த நிலையில்தான். பிறகு சிறிய நீட்சிக்குப் பத்து முறை இழுத்து விடுங்கள். முதல் சுழற்சிக்கும் இரண்டாவதற்கும் வளைவு விலகி நிற்கும், போகப் போக ஒன்றன்மேல் ஒன்று படியும். திசு பாகுமீள் தன்மை (பாகு போல மெல்ல இளகும், ரப்பர் போல மீளவும் செய்யும்) கொண்டது, முன்பு தனக்கு நேர்ந்ததை நினைவில் வைத்திருக்கும். எல்லா மாதிரிகளையும் ஒரே வரலாற்றுக்குக் கொண்டுவரவே இந்தப் பத்து சுழற்சி. அதன் பிறகு மாறா வேகத்தில் அறும் வரை இழுங்கள். எந்த வேகம் என்பதில் லேபுக்கு லேப் பழக்கம் மாறும். எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் இருங்கள், கட்டுரையிலும் எழுதுங்கள்.

நீட்சியை இயந்திரத்தின் குறுக்குச்சட்ட நகர்விலிருந்து எடுக்காதீர்கள். அதில் ரெசினின் நெகிழ்வு, எலும்பின் வளைவு, ஸ்குரூவின் தளர்வு எல்லாம் கலந்திருக்கும். லிகமென்ட்டின் மேல் 10 மி.மீ. இடைவெளியில் இரண்டு மைப் புள்ளி வைத்து வீடியோ எடுங்கள். படத்தில் ஒரு மி.மீ.க்கு 20 பிக்சல் என்றால், 5 சதவீதத் திரிபு (இருந்த நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பது) என்பது 10 பிக்சல் நகர்வுதான். ஒரு பிக்சல் தவறினாலே 10 சதவீதப் பிழை. லென்சை நெருக்கி ஒரு மி.மீ.க்கு 100 பிக்சல் கொண்டுவந்தால் அதே பிழை 2 சதவீதமாகும். லைட்டைப் பக்கவாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தின் பளபளப்பில் புள்ளி தொலையும். எங்கே அறுந்தது என்பதையும் அந்த வீடியோதான் சொல்லும்: நடுவிலா, எலும்பு ஒட்டிய இடத்திலா, ரெசினிலிருந்து உருவியா. கடைசி வகையை முடிவுகளில் சேர்க்கக் கூடாது.

வளைவு தொடக்கத்தில் தொய்வாக ஏறும். சுருண்டிருக்கும் கொலாஜன் நார்கள் ஒவ்வொன்றாக நிமிர்கிற பகுதி அது. நிமிர்ந்த பிறகு நேர்கோடு. யங் குணகத்தை இந்த நேர்கோட்டிலிருந்து எடுக்கிறோம். கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைக் கண்ணால் தீர்மானிக்காமல், எல்லா மாதிரிக்கும் ஒரே விதியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விறைப்பு வேறு, யங் குணகம் வேறு

புதிதாக வருகிறவர் ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்.

கிணற்று வாளியைக் கட்டைவிரல் தடிமன் தேங்காய் நார்க் கயிறும் தூக்கும், அதில் கால்வாசித் தடிமன் நைலான் கயிறும் தூக்கும். வாளியின் கணக்கில் இரண்டும் சமம், நாரின் கணக்கில் சமமே இல்லை. எத்தனை நியூட்டனுக்கு எத்தனை மி.மீ. நீண்டது என்பது விறைப்பு; முழு அமைப்பின் குணம். அதையே பரப்பாலும் நீளத்தாலும் சரிசெய்தால் வருவது யங் குணகம், பொருளின் குணம்.

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். நலமான லிகமென்ட்: நீளம் 30 மி.மீ., பரப்பு 10 சதுர மி.மீ., விறைப்பு மி.மீ.க்கு 60 நியூட்டன். விறைப்பை நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் 180 மெகாபாஸ்கல். ஆறிய லிகமென்ட்: அதே நீளம், விறைப்பு 55, ஆனால் பரப்பு 25. இப்போது 66 மெகாபாஸ்கல். விறைப்பைப் பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் குணமாகிவிட்டது, யங் குணகத்தைப் பார்த்தால் பாதிகூட இல்லை. இரண்டும் பொய் இல்லை.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. முயல் எம்.சி.எல். ஆறுவதைப் பல குழுக்கள் ஒரு வருடம் வரை பின்தொடர்ந்தபோது திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்: முழு அமைப்பின் விறைப்பு இயல்பை நெருங்கிவிடுகிறது, ஆனால் பரப்பு பெருத்திருக்கிறது, தழும்புத் திசுவின் தரம் தாழ்ந்தே இருக்கிறது. மூன்றாம் வகைக் கொலாஜன் கூடுதலாகவும் நாரிழைகள் மெல்லியதாகவும் இருப்பது அதற்கு ஒரு காரணம். நோயாளி நடக்க அந்தத் தழும்பு போதலாம். ஆனால் "எங்கள் மருந்து திசுவை மீட்டெடுத்தது" என்று எழுதிய கட்டுரையில் விறைப்பு மட்டும் இருந்து பரப்பு இல்லை என்றால், அந்த வாக்கியத்துக்கு அருகில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

குருத்தெலும்பு: நேரம் என்கிற எதிரி

லிகமென்ட்டில் கை படிந்ததும் இதற்கு வரலாம். பயாப்சி பஞ்ச்சால் 4 மி.மீ. விட்டமுள்ள வட்டு எடுத்து, சரியாகப் பொருந்தும் குழிக்குள் வைத்து, மேலே தண்ணீர் கசியும் நுண்துளைத் தகட்டால் அமுக்குவது வழக்கம். இங்கே பாரத்தை முதலில் ஏற்பது திண்மப் பகுதி அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். தண்ணீர் மெல்ல வெளியேற, விசை மெல்ல இறங்கி ஒரு நிலைக்கு வரும். வான் மோவும் கூட்டாளிகளும் 1980இல் வெளியிட்ட, திசுவைத் திண்மமும் தண்ணீருமாகப் பார்க்கும் இருகட்டக் கோட்பாடு இதைத்தான் கணக்காக்கியது. இன்றைக்கும் அதுதான் அடித்தளம்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? தடிமனின் வர்க்கத்தை, குணகத்தையும் ஊடுருவு திறனையும் (தண்ணீர் எவ்வளவு எளிதில் கசியும் என்பது) பெருக்கி வருவதால் வகுத்துப் பாருங்கள். குணகம் 0.5 மெகாபாஸ்கல், ஊடுருவு திறன் 10இன் மைனஸ் 15ஆம் அடுக்கு (மீட்டரின் நான்காம் அடுக்கு / நியூட்டன்-நொடி), தடிமன் 1 மி.மீ. என்றால் 2000 நொடி, அதாவது அரை மணி நேரத்துக்கு மேல். பெரும்பகுதி இதற்கு முன்பே அடங்கிவிடும் என்றாலும் திட்டமிட இது பாதுகாப்பான அளவு. தடிமன் 2 மி.மீ. ஆனால் 8000 நொடி, இரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு "சமநிலைக் குணகம்" என்று எழுதுவது நடக்கிற காரியம்தான், ஆனால் அது சமநிலை அல்ல.

விசையையும் பாருங்கள். அதே வட்டை 5 சதவீதம் அமுக்கினால் சமநிலைத் தகைவு 0.025 மெகாபாஸ்கல், 12.6 சதுர மி.மீ. பரப்புக்கு 0.3 நியூட்டன் சொச்சம். அமுக்கும் தூரமோ 0.05 மி.மீ. லிகமென்ட்டை இழுத்த கிலோநியூட்டன் செல்லை இங்கே போட்டால் வெறும் இரைச்சலைத்தான் பதிவு செய்வீர்கள். பத்து இருபது நியூட்டன் செல் வேண்டும். வட்டின் அடிப்பகுதி சமமாக இல்லாவிட்டால் முதல் 0.05 மி.மீ. மேடு பள்ளத்தை நிரப்புவதிலேயே போய்விடும்.

சோதனை முடிந்த வட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பாதியை சாஃப்ரனின்-ஓ சாயத்துக்கு அனுப்பினால் புரோட்டியோகிளைக்கான் இருக்கும் இடம் சிவந்து தெரியும். குணகம் குறைந்த மாதிரியில் சிவப்பும் வெளிறியிருந்தால் உங்கள் எண்ணுக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

காயம் ஆறும் ஆய்வுக்குப் போகும்போது

ஏ.சி.எல். ஏன் ஆறுவதில்லை என்று முன்பு விட்ட கேள்விக்கு வருவோம். எம்.சி.எல். கிழிந்தால் அறுந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் செல்கள் ஏறி வேலை தொடங்கும். ஏ.சி.எல். இருப்பது மூட்டுத் திரவத்தின் நடுவில். அங்கே உறைவு நிலைப்பதில்லை, கரைந்துபோகிறது. பாலம் இல்லாத இடத்தில் செல்கள் எதன் மேல் ஏறும்? பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் மார்த்தா மரே இந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக் கொலாஜனால் ஆன பஞ்சுத் துண்டை நோயாளியின் ரத்தத்தில் நனைத்து இடைவெளியில் வைக்கும் முறையை உருவாக்கினார். பன்றிகளில் வருடக்கணக்கில் சோதித்து, பிறகு மனிதர்களுக்குப் போய், 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது அது. குருத்தெலும்பில் இதற்கு இணையான கதை ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்தது. நோயாளியின் செல்லையே எடுத்து வளர்த்துத் திரும்ப வைக்கும் முறையை பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு 1994இல் 23 நோயாளிகளின் முடிவுகளோடு வெளியிட்டது.

அசைவும் மருந்து மாதிரிதான் வேலை செய்கிறது, அளவு தெரிந்து கொடுக்க வேண்டும். முயலின் முழங்காலை 9 வாரம் அசையாமல் கட்டிப்போட்டபோது, காயமே படாத எம்.சி.எல். அமைப்பின் அறுபடு சுமை இயல்பில் சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கன்றுக்குட்டிக் குருத்தெலும்புத் துண்டுகளை எம்.ஐ.டி.யில் 1989இல் அமுக்கிப் பார்த்ததில், விடாமல் அமுக்கினால் செல்கள் புரோட்டியோகிளைக்கான் செய்வதைக் குறைத்தன. தாளகதியில் அமுக்கி விட்டால் கூட்டின. ஆகவே உங்கள் விலங்குகள் அறுவைக்குப் பிறகு கூண்டில் எவ்வளவு நடக்கின்றன, காலுக்குக் கட்டு உண்டா இல்லையா என்பவையும் சோதனையின் பகுதிதான்.

ஒப்பீட்டுக்கு மறு காலையே எடுத்துக்கொள்வது சௌகரியம், ஆனால் நொண்டும் விலங்கு மறு காலில் அதிகப் பாரம் போடும், அதுவும் மாறியிருக்கும். முடிந்தால் அறுவையே செய்யாத தனிக் குழு ஒன்று வையுங்கள். ஒரே முழங்காலில் எடுத்த ஆறு வட்டுகளை ஆறு மாதிரி என்று எண்ணாதீர்கள். விலங்கு ஒன்று, ஆகவே எண்ணிக்கை ஒன்று. இழுக்கிறவருக்கு எந்த மாதிரி எந்தக் குழு என்று தெரியாமல் எண் ஒட்டிக் கொடுங்கள்.

கணினி மாதிரிக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் யூட்டா, கொலம்பியா பல்கலைக்கழகங்களில் வளர்த்த ஃபெபயோ (FEBio) என்கிற மென்பொருள் இலவசம், இருகட்டக் கோட்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் சொந்த வளைவு ஒன்றைப் பொருத்திப் பார்க்கும் வரை அதில் வண்ணப் படம் எதுவும் போட வேண்டாம்.

இந்தியாவில் உயிருள்ள விலங்கில் செய்ய நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழு, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வின் விதிகளின்படி, படிவம் பி வழியாக அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு சோதனைக் குழுவுக்கும் எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்று கேட்பார்கள். கறிக்கடை முழங்கால்கள் இங்கே கைகொடுக்கும். 80 சதவீத வாய்ப்போடு ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைக் குழுவுக்கு வேண்டிய எண்ணிக்கை, சிதறலை (எண்கள் சராசரியிலிருந்து விலகி நிற்கும் அளவு) வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். 20 சதவீத வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள், உங்கள் சிதறலும் 20 சதவீதம் என்றால் குழுவுக்கு 16 விலங்கு. சிதறல் 12 சதவீதம் என்றால் சுமார் 6. எண்ணிக்கை இவ்வளவு குறையும்போது ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். விலங்குக்கு விலங்கு இருக்கும் இயற்கையான வேறுபாட்டை நம்மால் குறைக்க முடியாது, ஆறும் திசுவில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். வெர்னியரும் காய்ந்த ஓரமும் கோணலாகப் பூட்டிய குவளையும் சேர்க்கும் சிதறலைக் குறைக்கலாம். படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒரே ஆட்டின் இடது, வலது எம்.சி.எல்.களைச் சோதித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில ஆடுகளில் பட்டியல் போட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் விண்ணப்பம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.